சூடு முதலிலா, முடிவிலா? ஓவன் மீன் ஜெர்க்கியும் நம் கருவாடும்

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், சியாட்டில் பக்கத்து வீடுகளில், சால்மன் மீனை நீளநீளமாக அரிந்து ஊறவைத்து ஓவனில் காயவைத்து ஜெர்க்கி போடுகிறார்கள். நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் மீனைக் கீறி உப்பு வைத்து வெயிலில் போட்டால் அது கருவாடு. இரண்டிலும் நடப்பது மீனிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் வேலைதான். அதனால் ஜெர்க்கியை ‘அமெரிக்கக் கருவாடு’ என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லிவிட்டு, கருவாடு போடுகிற பழக்கத்தில் ஜெர்க்கி போட்டால் வயிறு கெடும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கினாலும், மீனுக்குச் சூடு காட்டும் கட்டம் இரண்டிலும் வேறு. ஜெர்க்கியைப் போடும்போதே சூடு காட்டியாக வேண்டும். கருவாட்டுக்குக் கடைசியில், சாப்பிடுகிறவர் வீட்டு அடுப்பில் சூடு கிடைக்கிறது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் ஜெர்க்கி. தோலும் முள்ளும் நீக்கிய சதையை முழுதாக உறையவிடாமல், கத்தி இறங்கும் அளவுக்கு மட்டும் ஃப்ரீசரில் இறுகவைக்கிறார்கள். கொழகொழவென்ற பச்சை மீனைச் சீராக அரிய முடியாது. பாதி இறுகியது ஒரே தடிமனாக அரிபடும். தடிமன் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். ஒரு துண்டு அதைவிடத் தடித்தால் மற்றவை காய்ந்தபிறகும் அது மட்டும் நடுவில் ஈரமாக நிற்கும். வாலிலிருந்து தலை நோக்கி நீளவாட்டில் அரிய வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. மீன் சதை ஆட்டிறைச்சியைப் போல நீண்ட நாராக இல்லாமல் மடல் மடலாக அடுக்கியிருக்கிறது. மடல்களைப் பிடித்துவைத்திருக்கும் சவ்வு கொஞ்சம் சூட்டுக்கே இளகிவிடும். குறுக்கே அரிந்தால் காயும்போதே துண்டுகள் உதிரும். நடுவில் வரிசையாக நிற்கும் ஊசிமுட்களை விரலால் தடவிப் பார்த்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். சோயா சாஸ், பழுப்புச் சர்க்கரை, மிளகு, பூண்டு கலந்த சாற்றில் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் ஊறுகிறது. காலையில் துணியால் ஒற்றி, கம்பித்தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி ஓவனுக்குள் வைக்கிறார்கள்.

ஓவன் கதவை மூடுவதில்லை. மரக்கரண்டி ஒன்றை இடுக்கி இரண்டு மூன்று அங்குலம் திறந்து வைக்கிறார்கள், வெளியில் ஒரு மின்விசிறியை அந்த இடுக்கை நோக்கித் திருப்புகிறார்கள். வெந்துபோகாமல் காய வேண்டும் என்றால் ஈரக் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். இறைச்சி ஜெர்க்கிக்கு 60 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கமான அளவு. ஆனால் அங்குள்ள பல ஓவன்களில் மிகக் குறைந்த குறியே 77 டிகிரிதான். துண்டின் தடிமனையும் ஓவனையும் பொறுத்து நாலைந்து மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை ஆகும். துண்டை எடுத்து ஆறவைத்து வளைத்துப் பார்த்தால் விரிசல் விழ வேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக் கூடாது. அதுதான் பதம்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓவன் முள் 65 காட்டினால் உள்ளே இருக்கும் மீனும் 65 டிகிரியில் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஈரம் ஆவியாகும்போது அது மீனிலிருந்தே சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெளியேற ஈரம் இருக்கும்வரை துண்டின் சூடு ஓவன் காற்றின் சூட்டைவிட வெகுவாகக் குறைந்தே நிற்கும். துண்டு உண்மையில் சூடேறத் தொடங்கும்போது ஈரம் போயிருக்கும், அதற்குள் அதிலிருக்கும் கிருமிகளும் காய்ந்து சூட்டைத் தாங்கப் பழகியிருக்கும். ஈரத்தில் சுலபமாகச் சாகும் கிருமி, காய்ந்த நிலையில் அதே சூட்டில் பிழைத்துக்கொள்ளும். இதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை, ஜெர்க்கிக்கான மாட்டிறைச்சியை உலர்த்துவதற்கு முன்பே 71 டிகிரிக்கும் கோழியை 74 டிகிரிக்கும் சூடாக்கச் சொல்கிறது. 1995-இல் ஆரிகன் மாநிலத்தில் வீட்டில் போட்ட மான் இறைச்சி ஜெர்க்கியால் 11 பேருக்கு ஈ-கோலை ஓ157 தொற்று வந்தது. மான் கெட்டுப்போனதல்ல. காயவைத்த சூடு போதவில்லை, அவ்வளவுதான்.

மீனை முதலிலேயே 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் உருவமே குலைந்துவிடும். வெள்ளைப் புரதம் பாலாடை போலக் கசிந்து மேலே படியும், மடல்கள் பிரியும். அதனால் மீனுக்குச் சரிப்படும் வழி, காயவைத்த பிறகு சூடு கொடுப்பது. காய்ந்த துண்டுகளை 135 டிகிரி ஓவனில் 10 நிமிடம் வைத்து எடுக்கும் முறை இறைச்சி ஜெர்க்கிக்கு அங்கே பரிந்துரைக்கப்படுகிறது. ஏற்கெனவே இறுகிய மீன் துண்டு இந்தச் சூட்டில் உதிராது. வீட்டில் மீனைப் புகையில் வாட்டுகிறவர்களுக்கு அங்கே சொல்லப்படும் அளவு, சதையின் நடுப்பகுதி 66 டிகிரியில் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது. எந்த வழியில் போனாலும் ஜெர்க்கி போடுகிறவருக்கு ஒன்று தெரியும்: பொட்டலத்தைப் பிரித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறவருக்கு முன்னால் இனி அடுப்பு கிடையாது.

கருவாட்டுக்கு அந்த அடுப்பு உண்டு. அதனால்தான் அதைப் போடுகிறவர்கள் சூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் உப்பை நம்புகிறார்கள். பெரிய மீனின் குடலை எடுத்து, முதுகை ஒட்டிக் கீறிப் பிளந்து, கீறல்களுக்குள் கல்லுப்பைத் திணித்துத் தேய்த்து, தொட்டியில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று போடுகிறார்கள். மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போகும். அதே இரவு மீன் தன் தண்ணீரை விட்டுவிட, தொட்டிக்குள் உப்புநீர் மேலேறி மீனை மூடும். ஒன்றிரண்டு நாள் கழித்து எடுத்து, மேலுப்பை அலசி, வெயிலில் பரப்புகிறார்கள். தென்கரையில் சில ஊர்களில் உப்பு வைத்த மீனைப் பனையோலைப் பாயில் சுற்றி மணலில் குழிதோண்டிப் புதைத்து எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. நெத்திலிக்கு இவ்வளவு பாடு இல்லை. விரல் தடிமன்கூட இல்லாத மீன் நல்ல வெயிலில் ஓரிரு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். உப்பே போடாமல் காயவைப்பவர்களும் உண்டு.

உப்பின் வேலையை எண்ணில் பார்க்கலாம். உணவில் இருக்கும் தண்ணீரில் கிருமிகளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை 0 முதல் 1 வரை அளக்கிறார்கள். புதுமீனில் இந்த அளவு கிட்டத்தட்ட 0.99. நோய் தரும் பாக்டீரியா எதுவும் 0.85-க்குக் கீழே பெருகாது என்பதுதான் நடைமுறையில் வைத்திருக்கும் எல்லைக்கோடு. இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பு கரைந்த தண்ணீரின் எண் 0.75. அதாவது உப்பு நன்றாக இறங்கிய மீன், ஓரளவு ஈரம் மிச்சமிருக்கும்போதே, எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. ஜெர்க்கிக்கு இந்த வசதி இல்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுகிறோம், ஜெர்க்கியைக் கழுவ முடியாது. அதில் உப்பு நாக்கு தாங்கும் அளவுக்கு மேல் போக முடியாது. குறைந்த உப்பு, மிதமான ஈரம், மெல்லக்கூடிய பதம் என்றெல்லாம் கேட்டால் அதற்கான விலையைக் குளிர்சாதனப் பெட்டியில் கொடுத்தாக வேண்டும். வீட்டில் போட்ட மீன் ஜெர்க்கியின் இடம் குளிர்சாதனப் பெட்டி, நீண்ட நாளுக்கு என்றால் ஃப்ரீசர். காற்றை உறிஞ்சி எடுத்த பையில் அடைத்து அலமாரியில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பொட்டுலிசம் என்ற உணவு நச்சு நோயைத் தரும் கிருமிக்குக் காற்றில்லாத இடம் பிடிக்கும். மீனோடு வரும் அதன் ஒரு வகை 3 டிகிரிக் குளிரிலும் பெருகக்கூடியது. ஈரம் மிச்சமிருக்கும் ஜெர்க்கியை அந்தப் பையில் போட்டால் அதற்கு வீடு கட்டிக்கொடுத்ததாகிவிடும்.

அந்த 0.75 என்ற எண் கருவாட்டுக்கு எதிராகவும் திரும்பும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் கரையில் காற்று எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். உப்புக் கிண்ணமே கசியும் நாளில் உப்பு மீன் எப்படிக் காயும்? பகலில் விட்ட ஈரத்தை இரவில் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பொழுது சாய்ந்ததும் கருவாட்டை அள்ளி மூடிவிடுகிறார்கள். ஓவனின் உண்மையான பலம் இங்கேதான். 30 டிகிரியில் 75 சதவீத ஈரமுள்ள சென்னைக் காற்றை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரப்பதம் 13 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். பாலைவனக் காற்றைப் போல அது மீனிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மழை, பனி, காகம், நாய், ஈ எதுவும் உள்ளே வராது. நெய்தல் திணைப் பாடல்களில் காயும் மீனைப் பறவை கொத்தாமல் விரட்டிக் காவல் இருக்கும் பெண்கள் அடிக்கடி வருவார்கள். இன்றும் கரையில் அந்தக் காவல் பெண்கள் வேலைதான். மீன் ஏலத்தில் ஆண்கள் பெயர் முன்னால் நின்றாலும், கீறுவது, உப்பு வைப்பது, புரட்டிப்போடுவது, கூடையில் சுமந்து விற்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். ஓவன் செய்யும் வேலையின் அளவு, அதே வேலையை வெயிலில் நின்று செய்கிறவர்களைப் பார்த்தால்தான் புரியும்.

நாகப்பட்டினச் சந்தையில் கருவாடு வாங்கும்போது ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தது ஜெர்க்கியின் வளைத்துப் பார்க்கும் சோதனைக்கு இணையானது. “விரலால அழுத்திப் பாரு தம்பி. உள்ள வாங்குச்சுன்னா இன்னும் காயலன்னு அர்த்தம். முதுகுப் பக்கம் பாரு, வயித்துப் பக்கம் சீக்கிரம் காஞ்சிரும், அது ஏமாத்தும்.” பக்கத்துக் குவியலில் இளஞ்சிவப்பாக நிறம் ஏறியிருந்த ஒரு துண்டை எடுத்து ஓரமாகப் போட்டார். “இத உனக்குக் குடுக்க மாட்டேன். இது சளிச்சது.” அந்தச் சிவப்பு, உப்பிலேயே வாழும் நுண்ணுயிரிகளின் நிறம். உப்பளத்துக் கல்லுப்போடேயே அவை வந்துவிடுகின்றன, மற்றக் கிருமிகள் சாகும் உப்பில் இவை செழிக்கும். ஆய்வுக்கூடம் பல வரிகளில் எழுதுவதை அவர் ஒரே பார்வையில் ஒதுக்கிவைத்தார். இந்த அறிவு பெரும்பாலும் எந்த வழிகாட்டியிலும் அச்சாகாமல் கையிலிருந்து கைக்குப் போகிறது. ஜெர்க்கியின் அறிவோ அச்சில், எண்களில், வெப்பமானியில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தனியாகப் புதிதாகத் தொடங்குகிற வேலைக்கு எண்கள்தான் துணை.

இரண்டு முறைகளும் ஒரே மாதிரி தோற்கும் இடம் ஒன்று உண்டு. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தடிப்பு எழும்பி, தலை வலிக்கும். இந்தப் பொருள் சூட்டில் அழியாது. ஓவனும் அழிக்காது, கொதிக்கும் குழம்பும் அழிக்காது, உப்பும் அழிக்காது. விற்காமல் நின்றுபோன மீனைக் கருவாட்டுக்குத் தள்ளுவது நம் கரையில் பழைய பழக்கம். இதை நான் வெளிப்படையாகவே குறை சொல்வேன். காசிமேட்டிலோ மண்டபத்திலோ காலையில் இறங்கிய மீனை வெயில் ஏறும்வரை தரையில் கிடக்கவிட்டு, பிறகு உப்பு வைத்தால், வெளியில் அழகாகக் காய்ந்தாலும் உள்ளே தீங்கு அப்படியே இருக்கும். ஜெர்க்கி போடுகிறவர் தின்னத் தகுந்த நல்ல மீனைத்தான் எடுக்கிறார், பனிக்கட்டியை விட்டு வெளியே வைப்பதில்லை. இந்த ஒன்றையாவது அவர்களிடம் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். சால்மனில் புழு இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்துவிட்டுத் தொடங்குவதும் அங்கே பழக்கம்.

கொழுப்பின் கதை வேறு. சால்மனின் கொழுப்பு ஜெர்க்கியை மிருதுவாக வைத்திருக்கும், ஆனால் காற்றுப்பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். நம் சாளைக் கருவாட்டிலும் வயிற்றோரம் மஞ்சள் பூத்து அதே வாடை வருவதைப் பார்த்திருப்போம். தண்ணீரை எவ்வளவு எடுத்தாலும் எண்ணெய் போகாது. நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் கொழுப்புக் குறைந்த மீன்தான்.

ஜெர்க்கி ஒரு புதுநாகரிகத் தின்பண்டம், கருவாடு பழைய ஏழை உணவு என்று பிரித்துப் பார்ப்பது சரியல்ல. கொலம்பியா ஆற்றங்கரையில் செலைலோ அருவிப் பக்கம் வாழ்ந்த பூர்வகுடிகள் ஓவன் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே சால்மனை ஆற்றுப் பள்ளத்தாக்கின் வறண்ட காற்றில் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, கூடைகளில் இறுக்கி அடைத்து வைத்தார்கள். 1805-இல் அந்த வழியே போன அமெரிக்க ஆய்வுப் பயணிகளான லூயிஸ், கிளார்க் குழுவினர் அந்தக் கூடைகளைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். அது கொறிக்கும் பண்டமாக இருக்கவில்லை. பனிக்காலம் முழுவதற்கும் சோறு, தூரத்து மக்களோடு செய்த வணிகத்துக்குச் சரக்கு. 1957-இல் டால்ஸ் அணை கட்டியபோது அந்த அருவி தண்ணீருக்குள் மூழ்கிப்போனது. இன்று ஓவன் கதவை மரக்கரண்டியால் திறந்துவைத்து விசிறியைத் திருப்புகிறவர், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பள்ளத்தாக்குக் காற்றைத்தான் வீட்டுக்குள் உண்டாக்குகிறார். அந்தக் கூடைச் சால்மன் இருந்த இடத்தில் நம் கருவாடு இன்னும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் எத்தனையோ வீடுகளின் குழம்புச் சட்டியைக் காப்பது அதுதான். நாலு துண்டு வாளைக் கருவாடும் கொஞ்சம் கத்தரிக்காயும் மொச்சையும் புளியும் இருந்தால் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது மாசி. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரையைத் துண்டாக்கி முதலில் தண்ணீரில் வேகவைத்து, பிறகு புகையில் வாட்டி, கடைசியில் வெயிலில் கட்டை போலக் காயவைக்கிறார்கள். அதாவது ஜெர்க்கியைப் போலச் சூடு முன்பே வந்துவிடுகிறது, கருவாட்டைப் போல வெயில் வேலையை முடிக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த பயணி இபின் பதூதா இந்த மீனையும் அது இந்தியாவுக்கு ஏற்றுமதியானதையும் குறித்திருக்கிறார். இலங்கைத் தமிழர் அடுப்படியில் மாசிச் சம்பலாகவும், தூத்துக்குடிப் பக்கம் இடித்த பொடியாகவும் இன்றும் புழங்குகிறது. அடுப்பில் ஏற்றாமல் சம்பலில் அப்படியே சேர்க்க முடிகிறதென்றால் அந்த முதல் வேக்காடுதான் காரணம்.

செலவையும் பார்த்துவிடலாம். ஒரு கிலோ மீன் சதையிலிருந்து 600 கிராம் தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் கணக்குப்படி 0.4 யூனிட் மின்சாரம்தான். ஆனால் கதவைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் ஓடும் ஓவன் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், மிச்சச் சூடு சமையலறையைத்தான் சூடாக்கும். விற்பனைக்கு என்றால் இது கட்டாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய வெப்ப உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது, வெயில் இல்லாத நேரத்துக்கு எரிவாயுவோ மின்சாரமோ துணைக்கு வரும்படி. மணலில் போடுவதை விட்டு, வலை கட்டிய உயரமான தட்டுகளில் காயவைத்தாலே மண்ணும் ஈயும் பாதி குறையும். இந்த உலர்த்திகள் கருவாடு போடும் பெண்கள் கைக்கு இன்னும் பரவலாகப் போய்ச்சேர வேண்டும் என்பது என் ஆசை. ஓவனின் அறிவும் வெயிலின் சிக்கனமும் ஒரே பெட்டிக்குள் சேர்கிற இடம் அது.

நம் ஊரில் வீட்டு ஓவனில் ஜெர்க்கி போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் கடைகளில் கிடைக்கும் ஓ.டி.ஜி. என்கிற சிறு மின் ஓவன்கள் பலவற்றில் 100 டிகிரிக்குக் கீழே குறியே இருக்காது. அதில் போட்டால் மீன் வெந்து மேலே மொறமொறப்பாகவும் உள்ளே ஈரமாகவும் நின்றுவிடும். மேல்தோல் முந்திக்கொண்டு இறுகினால் உள்ளீரம் வெளியேற வழியில்லை, அடுத்த வாரம் பூசணம் பூக்கும். 60, 70 டிகிரியில் நிற்கக்கூடிய விசிறி ஓவன் இருந்தால் மட்டும் இறங்கலாம், உள்ளே தனியாக ஒரு வெப்பமானியும் வைக்க வேண்டும். முதல் தடவைக்குச் சூரையோ அயிலையோ வேண்டாம். கொடுவா, சங்கரா போன்ற கொழுப்புக் குறைந்த மீன் நல்லது. காய்ந்தபிறகு அந்த 10 நிமிடச் சூட்டைச் சோம்பல் பார்த்து விட்டுவிடக் கூடாது.

மழைக்காலத்தில் வீட்டில் கருவாடே போட வேண்டும் என்றாலும் ஓவன் உதவும். மீனுக்கு வேண்டிய உப்பைக் குறைக்காமல் வைத்து, தண்ணீர் வடித்து, வெயிலுக்குப் பதில் ஓவனில் குறைந்த சூட்டில் காயவைக்கலாம். ஆனால் ஓவனில் காய்ந்தது என்பதற்காக அது ஜெர்க்கி ஆகிவிடாது. இரண்டையும் ஒரே வீட்டில் போடுகிறவர்கள் டப்பாக்களின்மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிடுவது நல்லது: ஜெர்க்கி குளிர்சாதனப் பெட்டிக்கு, அப்படியே தின்ன, கருவாடு வெந்நீரில் அலசிக் குழம்புச் சட்டிக்கு.